சூடானால் நின்றுவிடும் 1992 மாருதி 800: எங்கிருந்து தேடுவது?

#1 சேலத்து800

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1992-இல் வாங்கிய மாருதி 800, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டி. வீட்டில் மூன்று பேர் இதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டோம். விற்கும் எண்ணம் இல்லை.

ஒரு வருடமாக ஒரு தொந்தரவு. காலையில் சோக் இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கிறது. பைபாசில் 60, 70-இல் போனால் ஒரு குறையும் இல்லை. நகருக்குள் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தாலோ, ஏற்காடு மலை ஏறினாலோ வண்டி நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றும், ஆனால் எடுக்காது. ஓரம் கட்டி 25 நிமிடம் காத்திருந்தால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். டெம்பரேச்சர் முள் நடுவிலேயேதான் நிற்கிறது.

இதுவரை மாற்றியவை: பிளக், பிளக் ஒயர், பெட்ரோல் பில்டர், பெட்ரோல் பம்ப். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாயிற்று. இப்போது புது கார்புரேட்டர் போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

#2 ஒயர்மேன்67

தம்பி, முதலில் கார்புரேட்டர் வாங்குவதை நிறுத்துங்கள். ஒரே ஒரு கேள்வி. நிற்கும்போது இழுத்து இழுத்து, மிஸ் அடித்து நிற்கிறதா, சாவியை அணைத்தது போலப் பட்டென்று நிற்கிறதா?

#3 சேலத்து800

பட்டென்றுதான் ஐயா. ஒரு குலுக்கல்கூட இல்லை.

#4 பத்மினி 1089

எனக்கு இது வேப்பர் லாக் மாதிரிதான் தெரிகிறது. என் பிரீமியர் பத்மினி காரிலும் இதேதான். வெயிலில் மெதுவாகப் போகும்போது இன்ஜின் சூட்டில் பம்ப்பிலும் பைப்பிலும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் தவிக்கும். ஈரத் துணியைப் பம்ப் மேல் போட்டால் பத்து நிமிடத்தில் சரியாகும். மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்ப்பிலிருந்து கார்புரேட்டர் போகும் பைப் எக்ஸாஸ்ட் பக்கம் சாய்ந்திருக்கிறதா பாருங்கள்.

பழைய ரப்பர் பைப்புகளையும் கையோடு மாற்றிவிடுங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் இதைத் தாங்காது. ஊறிப் பொதபொதவென்று ஆகி வெடிப்பு விடும். என் வண்டியில் பம்ப்புக்குப் போகும் பைப்பை வளைத்துப் பார்த்தால் உள்ளே விரிசல் தெரிந்தது. இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

#5 யாழ் ஏ40

பத்மினி அண்ணா சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் இந்த வண்டிக்கு அது பொருந்துமா என்று யோசிக்கிறேன். எங்கட வீட்டில் ஒஸ்ரின் ஏ40 கார் நிற்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை. கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவோம். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் அந்தச் சில துளி. அப்ப தெரிந்துகொண்ட ஒரு விஷயம்: எரிபொருள் குறையிலே இன்ஜின் ஒருநாளும் பட்டென்று நிற்காது. கார்புரேட்டரில் பெற்றோல் தேங்கி நிற்கும் மிதவை அறையில் இருக்கிறது தீரும் வரைக்கும் இழுக்கும், தடுமாறும், சோக் போட்டால் கொஞ்சம் உயிர் வரும். சாவி அணைத்த மாதிரி நிற்கிறதென்றால் நான் கரண்ட் பக்கம்தான் பார்ப்பேன்.

#6 ஒயர்மேன்67

யாழ் தம்பி சொன்னதுதான் என் கணிப்பும். ஆனால் கணிப்பை வைத்துப் பொருள் வாங்கக் கூடாது. சேலத்துத் தம்பி, வண்டி நிற்கும் அந்த 25 நிமிடம்தான் உங்களுக்குப் பொன்னான நேரம். குளிர்ந்து ஸ்டார்ட் ஆன பிறகு எந்தக் கொம்பன் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பிளக் ஸ்பேனர், ஒரு பழைய பிளக், மல்டிமீட்டர் மூன்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு மலை ஏறுங்கள். நின்றதும் இரண்டு வேலை.

முதல் வேலை: ஏர் கிளீனர் மூடியைத் திறந்து, கார்புரேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் லீவரைக் கையால் இழுங்கள். சாவி அணைந்திருக்கட்டும். பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் மிதவை அறையில் எரிபொருள் இருக்கிறது என்று அர்த்தம். அடிக்கவில்லை என்றால் பத்மினிக்காரர் சொல்வதே சரி. பெட்ரோல் தானாகவே கொதித்து உள்ளே ஒழுகிக்கொண்டிருந்தால் அது மூன்றாவது வகை, அதற்கு வைத்தியம் வேறு.

இரண்டாவது வேலை: ஏர் கிளீனரை மூடிவிட்டு, பழைய பிளக்கை ஒயரில் செருகி, அதன் உடம்பை இன்ஜின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். கார்புரேட்டரிலிருந்து தள்ளியே வையுங்கள், பெட்ரோல் ஆவி இருக்கும். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். சடசடவென்று நீல நிறப் பொறி வந்தால் கரண்ட் பக்கம் சரி. மஞ்சளாக, சோர்ந்து வந்தால் பலவீனம். ஒன்றுமே வரவில்லையானால் பாதி வேலை முடிந்தது.

பெட்ரோலா, பொறியா என்று பிரித்துவிட்டால் அலைச்சல் பாதியாகக் குறையும். இதைச் செய்யாமல்தான் உங்களுக்குப் பம்ப் வரைக்கும் காசு போயிருக்கிறது.

#7 ஈரோடு ஷெட்

நான் 19 வருடமாக ஷெட் வைத்திருக்கிறேன். ஒயர்மேன் ஐயா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் எங்கள் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வண்டி ஷெட்டுக்கு வரும்போது நன்றாக ஓடிக்கொண்டே வரும். குறை வெளிப்படும் வரை ஓட்டிப் பார்க்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்டால், "ஒன்றுமே மாற்றவில்லையே, எதற்குப் பணம்?" என்பார்கள். பொருள் மாற்றினால்தான் கூலி என்ற வழக்கம் இருக்கும்வரை ஷெட்காரன் பொருளைத்தான் மாற்றுவான். வண்டியை இரண்டு நாள் விட்டு, கண்டுபிடிக்கும் நேரத்துக்கும் கூலி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வேலை வேறு மாதிரி நடக்கும்.

#8 சேலத்து800

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. நானும் ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு ஏற்காடு போகிறேன்.

#9 மதுரை அம்பாசடர்

பேட்டரி விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் சொல்கிறேன். என் கணவரின் அம்பாசடரை இப்போது நான்தான் பராமரிக்கிறேன். அதில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது. பேட்டரி மாற்றினோம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புஷ், கார்பன் எல்லாம் மாற்றினோம். மாற்றமே இல்லை. ஒரு நாள் செல்ஃப் அடித்தபோது சோக் கேபிள் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அப்போதுதான் புரிந்தது. இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கிறது. செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக வழியில்லாமல் சோக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது!

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே) மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 1.1 காட்டியது. புதுப் பட்டை போட்டு, தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டதோடு சரி. அன்றிலிருந்து எந்த மின் குறைக்கும் எர்த்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் விஷயம் வேறு, நிற்கும்போது கரண்ட் எங்கோ கசிகிறது. சாவியை எடுத்து, கதவெல்லாம் மூடி, மைனஸ் டெர்மினலைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றிச் செருகி, டெர்மினலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும். அந்தக் காலத்து வண்டியில் 0.02, 0.03 ஆம்பியருக்கு மேல் எடுக்கக் காரணமே இல்லை. கடிகாரம், ரேடியோ நினைவு, அவ்வளவுதான். அதிகமாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

#10 கரூர் கிராங்க்

இடையில் ஒரு சந்தேகம். என் வண்டி காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை விடுகிறது. இன்ஜின் இறக்க வேண்டும் என்கிறார்கள்.

#11 ஈரோடு ஷெட்

ஸ்டார்ட்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் வால்வு சீல். இரவு முழுக்க ஆயில் சொட்டி உள்ளே இறங்கியிருக்கும். ஓட்டத்தில் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதும் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் சந்தேகம். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அதைப் பார்க்காமல் இன்ஜின் இறக்க ஒத்துக்கொள்ள வேண்டாம். தனி இழை தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம்.

#12 சேலத்து800

போய் வந்துவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவது தாண்டியதும் வழக்கம் போல நின்றது. தங்கை செல்ஃப் அடித்தாள், நான் பார்த்தேன்.

கார்புரேட்டரில் பெட்ரோல் நன்றாகப் பீய்ச்சியது. பிளக்கில் பொறி சுத்தமாக இல்லை. மூன்று ஒயரிலும் இல்லை. காயிலிலிருந்து வரும் நடு ஒயரிலும் இல்லை. 22 நிமிடம் கழித்து அதே பிளக்கில் நல்ல நீலப் பொறி வந்தது!

ஒரு வருடத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று கையில் கிடைத்தது போல இருக்கிறது.

#13 ஒயர்மேன்67

நடு ஒயரிலேயே இல்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டரில் கரண்டை மூன்று பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் ரோட்டார், கேப் இரண்டும் தப்பித்தன. 12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜாக்கும் காயில், காயில் கரண்டைத் திறந்து மூடும் பாயின்ட், பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர், சாவி சுவிட்ச் நான்கில் ஒன்று. இன்னொரு தடவை நிற்க வைக்க வேண்டும் தம்பி.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, பாயின்ட் முனைகளுக்கு நடுவில் ஒரு துண்டு அட்டையைச் சொருகுங்கள். இப்போது பாயின்ட் திறந்த நிலை. சாவியைப் போட்டு, மீட்டர் மைனஸை எர்த்தில் வைத்து, காயிலின் பிளஸ் முனையைத் தொடுங்கள். 12 வராவிட்டால் சாவி சுவிட்ச் அல்லது ஒயர். வந்தால் காயிலின் மைனஸ் முனையைத் தொடுங்கள். காயில் நன்றாக இருந்தால் அங்கேயும் 12 வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி தொடுங்கள். இப்போது 12 வந்தால் கண்டென்சரோ பாயின்ட் ஒயரோ எர்த் ஆகிறது. அப்போதும் வராவிட்டால் காயிலின் உள் கம்பி சூட்டில் விட்டுப் போகிறது.

காயிலைப் புறங்கையால் தொட்டும் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். சுடக் கூடாது.

#14 சேலத்து800

இன்று மாலை சேலம் ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலிலேயே நின்றுவிட்டது, மலைக்குப் போக வேண்டிய வேலை மிச்சம். பிளஸ் முனையில் 12.1. மைனஸில் 0. ஒயரைக் கழற்றிய பிறகும் 0. காயிலைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

அப்போ காயில்தான். நாளைக்கு வாங்கிவிடட்டுமா?

#15 ஒயர்மேன்67

வாங்கலாம், ஆனால் ஒரு நாள் பொறுங்கள். காயில் ஏன் அப்படிச் சுட்டது என்று தெரியாமல் புதுசு போட்டால் அதுவும் போய்விடும்.

ஆறிய பிறகு இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, காயிலின் பிளஸ், மைனஸ் நடுவே ஓம் (மின்தடை) அளந்து சொல்லுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். விலை குறைந்த மீட்டரில் ஒயரே 0.3 ஓம் காட்டும். அடுத்து ஒயர்களை மாட்டி, அட்டையை எடுத்துவிட்டு, பாயின்ட் மூடிய நிலையில் சாவி போட்டு, காயில் பிளஸ் முனை வோல்ட்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து நொடிதான். அதிக நேரம் சாவியைப் போட்டு வைத்தால் காயில் கருகும்.

#16 சேலத்து800

ஓம்: 1.8 காட்டியது, மீட்டர் ஒயர் 0.3. ஆக 1.5. காயில் பிளஸ், பாயின்ட் மூடிய நிலையில்: 11.6.

#17 ஒயர்மேன்67

அகப்பட்டுவிட்டது.

1.5 ஓம் காயில் தனியாக வேலை செய்யப் படைத்தது அல்ல. அதற்கு முன்னால் வெள்ளைப் பீங்கான் கட்டி மாதிரி ஒரு ரெசிஸ்டர், அதுவும் ஏறக்குறைய 1.5 ஓம், இருக்க வேண்டும். ரெசிஸ்டர் இருந்திருந்தால் பாயின்ட் மூடியபோது காயில் பிளஸ் முனையில் 6, 7 வோல்ட்தான் காட்டும். உங்களுக்கு 11.6. யாரோ எப்போதோ காயிலை மாற்றும்போது ரெசிஸ்டரைத் தூக்கிவிட்டு நேரடியாக இணைத்திருக்கிறார்கள்.

கணக்குப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 ஓம் இருந்தால் 4.6 ஆம்பியர். 1.5 மட்டும் இருந்தால் 9.2. கரண்ட் இரண்டு மடங்கு, காயிலுக்குள் சூடு நான்கு மடங்கு. பைபாசில் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பாயின்ட் மூடியிருக்கும் நேரம் மிகக் குறைவு, காயிலில் கரண்ட் முழுசாக ஏறுவதற்குள் திறந்துவிடும். ஐடிலிங்கில், நெரிசலில், கொண்டை ஊசி வளைவில் பாயின்ட் நீண்ட நேரம் மூடியே இருக்கும், கரண்ட் உச்சம் வரை ஏறும். போதாததற்கு அப்போது முன்னால் காற்றோட்டமும் இல்லை. காயில் வெந்து, உள்ளே கம்பி விடும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பாயின்ட்டைத் திறந்து பாருங்கள், ஒரு பக்கம் குழி விழுந்து கருத்திருக்கும்.

#18 சேலத்து800

ஐயா, பாயின்ட் நீங்கள் சொன்னது போலவேதான் இருக்கிறது. ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு. அப்பாவிடம் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் வெளியூரில் வண்டி நின்றபோது வழியில் ஒருவர் காயில் மாற்றிக் கொடுத்தாராம். பழைய காயிலோடு ஒரு வெள்ளைக் கட்டியும் இருந்ததாக அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது.

#19 பத்மினி 1089

நான் வேப்பர் லாக் என்று உறுதியாகச் சொன்னேன், தவறாகிவிட்டது. தம்பி அதை நம்பிச் செலவு செய்யாமல் இருந்தது நிம்மதி. ஆனால் ரப்பர் பைப் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

#20 சேலத்து800

பேட்டரி கசிவையும் அளந்தேன் அக்கா. 0.41 ஆம்பியர். எல்லா ஃபியூஸையும் பிடுங்கிவிட்டேன், 0.40-க்குக் கீழே இறங்கவே இல்லை.

#21 மதுரை அம்பாசடர்

0.4 ஆம்பியர், மூன்று நாள் 72 மணி நேரம். 28.8 ஆம்பியர் மணி. உங்களுடையது 35 ஆம்பியர் மணி பேட்டரியாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் சாகாமல் என்ன செய்யும்?

ஃபியூஸைத் தாண்டி நேரடியாகப் பேட்டரியோடு இணைந்திருப்பவை இரண்டுதான், செல்ஃப் மோட்டாரும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும். மைனஸ் டெர்மினல் கழன்றிருக்கும்போதே ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி, எதிலும் படாமல் டேப் சுற்றிவிட்டு, மறுபடி மீட்டரை இணைத்துப் பாருங்கள்.

#22 சேலத்து800

0.01!

#23 மதுரை அம்பாசடர்

ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய டையோடு கசிகிறது. ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்வார்கள், வேண்டாம். உள்ளே இருக்கும் டையோடு பிளேட்டை மட்டும் மாற்ற ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும். கழற்றிய கையோடு பேரிங்கையும் கார்பனையும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றியபின் இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் அளந்தால் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

#24 யாழ் ஏ40

ஆக இரண்டு குறைக்கும் தொடர்பே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் தேடலைக் குழப்பியிருக்கு. இதையெல்லாம் வாசித்துவிட்டு நானும் எங்கட ஏ40-இன் பற்றரி எர்த் வயரை அளந்தேன். 0.7 வோல்ட். இவ்வளவு நாளும் பற்றரி பழசு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரை அக்காவுக்கு நன்றி.

#25 சேலத்து800

இரண்டு வாரம் பொறுத்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

ரெசிஸ்டர் இல்லாமலே வேலை செய்யும் 3 ஓம் காயில் போட்டோம். கடையிலேயே மீட்டர் வைத்து அளந்துதான் வாங்கினேன், முதலில் எடுத்துக் கொடுத்தது 1.6 காட்டியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாயின்ட், கண்டென்சர் புதுசு, இடைவெளி 0.45 மில்லிமீட்டர். டைமிங்கையும் பார்த்தாயிற்று. ஆல்டர்னேட்டரில் டையோடு பிளேட் மாற்றிய பிறகு கசிவு 0.01, ஓட்டத்தில் 14.1 வோல்ட். ஐந்து நாள் எடுக்காமல் வைத்து ஆறாம் நாள் சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே எடுத்தது.

நேற்று மதியம் இரண்டு மணி வெயிலில் அப்பாவை ஓட்டச் சொல்லி ஏற்காடு ஏறினோம். 20 வளைவும் நிற்காமல் ஏறியது. மேலே போய் பானெட்டைத் திறந்து காயில்மேல் கை வைத்தேன், எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அப்பாவும் கை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, ரொம்ப நேரம் வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

எரிபொருள் பைப்புகளை வரும் வாரம் மாற்றுகிறேன் பத்மினி அண்ணா. ஈரோடு அண்ணா, அந்த வேலையை உங்கள் ஷெட்டிலேயே செய்துகொள்ளலாமா? மீதி ஏதாவது இருந்தால் பார்க்க இரண்டு நாள் விட்டுவிட்டு வருகிறேன், பார்க்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி சொல்லுங்கள்.

#26 ஈரோடு ஷெட்

தாராளமாக வாங்க தம்பி. புதன்கிழமை காலையில் கொண்டுவந்தால் வசதி. பழைய பம்ப் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். நல்ல பம்ப்பாகத்தான் இருக்கும், கழுவித் தருகிறேன், மாற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

#27 ஒயர்மேன்67

ஒரு சின்ன வேலை பாக்கி. காயில் மேல் பெயின்ட்டில் "3 ஓம், ரெசிஸ்டர் வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் இந்த பானெட்டைத் திறப்பவருக்குத் தெரிய வேண்டும்.